வத்தலா, வானிலைப் பெட்டியா? பீச் தோட்டத்தில் முதல் டொலர் எங்கே போகவேண்டும்

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை அண்ணை தொலைபேசி எடுத்தார். இங்கே கனடாவில் நயாகரா-ஒன்-த-லேக் பக்கம் எட்டு ஏக்கர் பீச் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து இரண்டு வருடமாகிறது. எட்டு ஏக்கர் என்றால் யாழ்ப்பாணக் கணக்கில் 128 பரப்பு. ஊரில் அவ்வளவு வைத்திருந்தால் பெரிய காணிக்காரர்; இங்கே அவர் சின்னத் தோட்டக்காரர்.

"தம்பி, இலை ஈரம் பாக்கிற மெசின் ஒண்டு வாங்குவமெண்டு யோசிக்கிறன். எந்த நாளில மருந்தடிக்கவேணுமெண்டு அதே சொல்லுமாம். இல்லாட்டி அந்தக் காசுக்கு நாலு பேரைப் பிடிச்சு மரத்தில தொங்கிற வத்தலைப் புடுங்கட்டோ?"

வத்தல் என்று அவர் சொல்வது பழைய பழங்களை. போன வருடம் அழுகி, விழாமல் கொப்பிலேயே காய்ந்து, கறுத்துச் சுருங்கித் தொங்குகிற பீச். இங்கே எல்லோரும் அதை மம்மி என்பார்கள். எனக்கு அண்ணையின் சொல்தான் பிடித்திருக்கிறது, மோர்மிளகாய்க்குப் பக்கத்தில் வைக்கலாம் போலத்தான் அது இருக்கும்.

நான் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பல வருடம் வேலை செய்தவன், அதில் பாதிக் காலம் மருந்து வண்டி ஓட்டினேன். ஆகவே அவருடைய கேள்விக்கு உடனே பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் அது இரண்டில் ஒன்று என்ற கேள்வி இல்லை. குறைந்தது நாலு வழி இருக்கிறது. ஒவ்வொன்றும் நோயின் வேறு வேறு காலைத்தான் பிடிக்கும்.

எதிரி யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பழுப்பு அழுகல். மொனிலினியா ஃபிரக்டிகோலா என்ற பங்கசு, தமிழ்நாட்டார் பூஞ்சை என்பார்களே, அதுதான். பீச், நெக்டரின், பிளம், அப்ரிகொட், செர்ரி என்று நடுவில் கல்லுப்போல் கொட்டையுள்ள எல்லாப் பழத்தையும் இது பிடிக்கும். குளிர்காலத்தை வத்தலிலும், போன வருடம் காய்ந்த கொப்புகளின் புண்ணிலும் கழிக்கிறது. வசந்தத்தில் பூ விரியும்போது மரத்து வத்தல் சாம்பல் நிறத்தில் தூள் பூத்து வித்திகளை, அதாவது பங்கசின் விதைகளை, காற்றிலும் மழைத்துளியிலும் அனுப்பும். நிலத்தில் பாதி புதைந்து கிடக்கிற வத்தல் இன்னொரு வேலை செய்யும்: ஈரமண்ணில் பழுப்பாக, விரல்நகம் அளவில் கிண்ணம்போல் ஒரு சின்னக் காளானை முளைக்கவிட்டு, அங்கிருந்து மேலே வித்தி வீசும். பூ கருகும். கருகிய பூவின் வழியே கொப்புக்குள் இறங்கிப் பிசின் வடியும் புண்ணாகும். பிறகு காய் பச்சையாகக் கடினமாக இருக்கும் வாரங்களில் அது அடங்கியிருக்கும், சில காய்களுக்குள் புகுந்து வெளியே ஒரு அடையாளமும் காட்டாமல் படுத்திருக்கும். பறிக்க மூன்று வாரம் இருக்கையில், காயில் சீனி ஏறத் தொடங்கியதும் எழும்பும். சூடும் ஈரமும் சேர்ந்தால் ஒரு சின்னப் புள்ளி முழுப் பழமாக அழுக இரண்டு மூன்று நாள் போதும்.

இது நடக்க மூன்று தேவை: வித்தி, ஈரம், இளகிய பூவோ பழமோ. அண்ணை வாங்க நினைத்த பெட்டி இந்த மூன்றில் ஒன்றைத்தான் அளக்கிறது. நான் அவருக்குச் சொல்ல வந்ததே இதுதான்.

பழைய வழியை எடுத்துக்கொள்வோம். நாட்காட்டிப்படி அடிப்பது: பூமொட்டு இளஞ்சிவப்பாகத் தெரியும்போது ஒன்று, முழுப் பூவில் ஒன்று, இதழ் உதிரும்போது ஒன்று, பிறகு இடைவெளி, அறுவடைக்கு மூன்று வாரம், இரண்டு வாரம், ஒரு வாரம் இருக்கும்போது மறுபடி. யோசிக்கவேண்டியதில்லை, பக்கத்துத் தோட்டக்காரரும் அதைத்தான் செய்கிறார், இரவில் நித்திரை வரும். சிரிக்கவேண்டாம், நித்திரைக்கும் விலை உண்டு.

ஆனால் காய்ந்த வசந்தத்தில் மூன்று தடவையும் வீணாகப் போகும். மழை விடாத வசந்தத்தில் மூன்றும் போதாது. பெரிய ஆபத்து வேறு. ஒரே குடும்பத்து மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பங்கசு பழகிவிடும். 1970களின் நடுவிலேயே மிச்சிகனில் பெனோமில் என்ற மருந்துக்கு அடங்காத பழுப்பு அழுகல் வந்தது. அதுவரை அது கைகண்ட மருந்து. பிறகு குழு 3 என்று பெயர்ச்சீட்டில் எழுதியிருக்கும் (குழு எண் என்பது மருந்தின் குடும்பம்) புரோப்பிகொனசோல் வகை வந்தது. ஜார்ஜியாவிலும் பிறகு நியூயார்க்கிலும் அதுவும் தடுமாறத் தொடங்கியது. நியூயார்க் எங்களுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஆகவே நாட்காட்டியைப் பிடித்துக்கொள்பவர்கூட அந்தக் குழு எண்ணைப் பார்க்காமல் போத்தலைத் திறக்கக்கூடாது. 3 அடித்தால் அடுத்தது 7 அல்லது 11, இடையில் கப்டான்போல் பங்கசின் உடலைப் பல இடத்தில் தாக்கும் பழைய மருந்து. ஒரே போத்தலில் 7உம் 11உம் சேர்ந்து வருவதும் உண்டு. அதை அடித்தவர் அடுத்த தடவை தனி 7 எடுத்தால், மாற்றி அடித்தேன் என்று நினைப்பார், மாற்றவே இல்லை.

இனி அண்ணையின் பெட்டி. அதில் வெப்பமானி, மழைமானி, முக்கியமாக இலை ஈர உணரி இருக்கும். உணரி என்பது பெரிய சங்கதி இல்லை: உள்ளங்கை அளவுத் தட்டு, அதில் இரண்டு சீப்பை ஒன்றுக்குள் ஒன்று கோர்த்ததுபோல் செப்புக்கோடுகள், மேலே பெயின்ட். ஈரம் பட்டால் மின்சாரம் கடக்கும், காய்ந்தால் நிற்கும். எத்தனை மணி ஈரம், அந்த நேரத்தில் எத்தனை பாகைச் சூடு (செல்சியஸில்) என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பூவில் நோய் பற்றியிருக்குமா என்று கணிக்கலாம். 25 பாகையில் ஏறத்தாழ 5 மணித்தியால ஈரமே போதும்; 10 பாகைக் குளிரில் 18 மணித்தியாலம்வரை வேண்டும். எங்கள் பக்கம் பீச் பூப்பது ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதிவரை. அப்போது ஒன்ராறியோ ஏரி இன்னும் குளிர்ந்து கிடக்கும். ஏரிக்காற்று அடித்தால் பகலிலும் 10, 12 பாகைதான். அந்தக் குளிரில் இரவு பெய்து காலையில் காய்ந்துபோகிற மழைக்குப் பயந்து வண்டியை எடுக்கத் தேவையில்லை. நாட்காட்டிக்காரர் எடுப்பார். பெட்டிக்காரர் கோப்பி குடிப்பார். அதே மே மாதத்தில் தெற்கிலிருந்து சூட்டுக்காற்று ஏறி, 20 பாகையில் பின்னேரம் தொடங்கிய மழை இரவு முழுக்கத் தூறினால் கதை தலைகீழ். அன்று பெட்டி தன் விலையைத் திருப்பித் தரும்.

இந்த முறை ஆப்பிளில் நன்றாக வேரூன்றியது. 1944இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் மில்ஸ் என்பவர் வெளியிட்ட ஈர மணிநேர அட்டவணையைத்தான் ஆப்பிள் சொறி என்ற பங்கசு நோய்க்கு உலகம் முழுக்கத் திருத்தித் திருத்திப் பாவித்தார்கள். செர்ரியின் இலைப்புள்ளிக்கு மிச்சிகனில் 1981இல் ஐசன்ஸ்மித், ஜோன்ஸ் இருவரும் செய்த கணிப்புமுறை இருக்கிறது. இவை இரண்டிலும் தொற்றுக்குப் பிறகு அடித்தாலும் பிடித்து நிறுத்தக் கொஞ்சம் கால அவகாசம் உண்டு. தவறினாலும் முதலில் கெடுவது பெரும்பாலும் இலை. பழுத்த பீச்சில் அந்தச் சலுகை இல்லை. பூவில் என்றால் சில மருந்துகள் தொற்றுக்குப் பிறகும் ஒன்றிரண்டு நாள் பின்னால் போய்ப் பிடிக்கும். பழத்தில், பெட்டி "நேற்று இரவு ஆபத்து" என்று சொல்லும்போது நீங்கள் பறித்துக்கொண்டிருப்பீர்கள். மருந்தடித்தால் பெயர்ச்சீட்டில் போட்டிருக்கிற இத்தனை நாளைக்குப் பறிக்கக்கூடாது. பழம் காத்திருக்காது.

உணரியைப் பற்றி இன்னொன்று. ஒரு தோட்டத்தில் நான் வேலை செய்தபோது, உணரியை வரிசையின் முனையில், வண்டிப்பாதைக்குப் பக்கத்தில் நட்டிருந்தார்கள். பார்க்க வசதி. ஒரு ஓகஸ்ட் காலை பத்து மணிக்குத் திரையில் "ஈரம்: 0" என்று இருந்தது. நான் நடுத்தோட்டத்தில் ஒரு மரத்துக்குள் கையை விட்டேன், முழங்கைவரை நனைந்து வந்தது. ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்த மூன்று பழத்தைப் பிரித்தால் இடையில் தண்ணீர் நின்றது. காற்றும் வெயிலும் படுகிற முனைமரம் ஏழு மணிக்கே காய்ந்துவிட்டது, அடர்ந்த நடுமரம் காயவில்லை. கணிப்பு பிழையில்லை, கேட்ட இடம் பிழை. அதற்குப் பிறகு, அளவு சொல்வதை நம்புவதற்குமுன் அளக்கிற தட்டு எங்கே நிற்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

மூன்றாவது வழிக்குப் பெட்டியும் வேண்டாம், போத்தலும் வேண்டாம். வத்தல் பொறுக்குவது.

யாருக்கும் இதில் விருப்பமில்லை. கத்தரிக்கிற காலத்தில், சுழிய பாகைக்குக் கீழே, கையுறைக்குள் விரல் மரத்துப்போக, ஒவ்வொரு மரமாக நின்று கறுப்பாகத் தொங்குவதை எல்லாம் பிடுங்கவேண்டும். கொப்பில் பிசின் வடிந்த புண் கண்டால் அதற்குக் கீழே நல்ல மரம் வருகிற இடம்வரை வெட்டவேண்டும். வெட்டியதையும் பிடுங்கியதையும் வரிசைக்குள் போட்டுவிட்டுப் போனால் பாதி வேலைதான். வெளியே கொண்டுபோகவேண்டும், அல்லது இயந்திரத்தால் தூளாக்கவேண்டும். நிலத்தில் ஏற்கெனவே கிடப்பதைப் பூக்கும் முன் மண்ணோடு கிளறிவிட்டால் அந்தக் கிண்ணக்காளான் ஒழுங்காக முளைக்காது.

மருந்துப் போத்தலில் எழுதியிருக்கிற எல்லாமே, வித்தி வந்து விழும் என்று வைத்துக்கொண்டு, விழுந்தபின் முளைக்காமல் தடுப்பதற்கு. வத்தல் பொறுக்குவது ஒன்றுதான் விழுகிற வித்தியையே குறைக்கிறது. பத்து வத்தல் தொங்குகிற மரத்துக்கும் ஒன்றும் தொங்காத மரத்துக்கும் பெட்டி ஒரே எச்சரிக்கைதான் தரும், ஏனென்றால் இரண்டிலும் ஒரே மழை. மருந்தும் அப்படித்தான்: வித்தி குறைவான இடத்தில் சுமாரான மருந்துகூட நன்றாக வேலைசெய்யும், வித்தி மழையாகக் கொட்டும் இடத்தில் நல்ல மருந்தும் பெயர் கெடும். "இந்த வருசம் மருந்து சரியில்லை" என்று சொல்லக் கேட்ட பல தோட்டங்களில் மேலே நிமிர்ந்து பார்த்தால் காரணம் கொப்பில் தொங்கும்.

குறை என்னவென்றால், இது உங்கள் வேலிக்குள் மட்டும்தான். பக்கத்தில் யாரோ கைவிட்ட தோட்டம் இருந்தால், அல்லது ஒரு பழைய பிளம் மரம் யாருடைய வீட்டுப் பின்வளவிலாவது நின்றால், காற்றோடு வரும். இந்தப் பக்கம் கைவிட்ட மரங்களுக்குக் குறைவில்லை. 2008இல் செயின்ட் டேவிட்ஸ் பழ டின் தொழிற்சாலை மூடியபோது டின்னுக்கென்றே வளர்த்த பீச்சை வாங்க ஆளில்லாமல் போனது, பலர் மரத்தைத் தறித்தார்கள், சிலர் தறிக்கக்கூடக் காசில்லாமல் விட்டார்கள். மற்றக் குறை, ஜூனில் காய் கலைக்கும்போது நிலத்தில் போடுகிற பிஞ்சு. பழங்கள் முட்டாமல் இருக்க ஒரு சாண் இடைவெளி விட்டுக் கலைப்பது நல்லது, ஆனால் விழுந்த பிஞ்சிலும் இந்தப் பங்கசு வித்தி பூக்கும். பெப்ரவரியில் பொறுக்கிவிட்டேன், முடிந்தது என்று இருக்கமுடியாது.

நாலாவது வழி கலிபோர்னியாவிலிருந்து வந்தது, எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே கியர்னி ஆராய்ச்சி நிலையத்தில் லுவோ, மைக்கேலிடஸ் என்ற இருவர், உலர்த்துகிற பிளம் காய்களுக்குள் ஒளிந்திருக்கும் தொற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி செய்தார்கள். பச்சைக் காய்களைப் பறித்து, வெளியே ஒட்டியிருக்கும் வித்தி சாகும்படி வெளுப்புத் தண்ணீரில் கழுவி, ஒரு இரவு உறையவைப்பது. உறைந்து இளகிய காயில் எதிர்ப்பு எல்லாம் செத்துவிடும். உள்ளே படுத்திருந்த பங்கசுக்கு அது பழுத்த பழம் மாதிரி. பிறகு மூடிய பெட்டியில் ஈரப்பதத்தோடு அறைச்சூட்டில் சில நாள் வைத்தால், தொற்றிருந்த காய்களில் சாம்பல் தூள் பூக்கும். எண்ணினால் முடிந்தது.

இது வானத்தைக் கேட்கவில்லை, காயையே கேட்கிறது. நூறு காயில் ஒன்று பூத்தால் அறுவடைக்கு முன் அடிக்கும் தடவைகளில் ஒன்றைக் குறைக்கத் துணியலாம். பதினைந்து பூத்தால் வானம் நீலமாக இருந்தாலும் துணியக்கூடாது. செலவு என்று பார்த்தால் ஒரு போத்தல் வெளுப்புத் தண்ணீர், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, உறைபெட்டியில் ஒரு தட்டு. இதன் குறை: சோதித்த நாளுக்குப் பிறகு வருகிற மழையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஆலங்கட்டி விழுந்து தோல் கிழிந்தாலோ, பழ அந்துப்பூச்சியின் புழு துளைத்தாலோ கணக்கு மாறிவிடும். காயம்பட்ட தோலில் இந்தப் பங்கசு கதவைத் தட்டாமலே உள்ளே போகும்.

ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கலாம், பறித்தபிறகு குளிரூட்டுவது. பழத்தின் சூட்டைக் கெதியாக இறக்கி 0 பாகைக்குப் பக்கத்தில் வைத்தால் அழுகல் அடங்கும். வீட்டுக் குளிர்பெட்டிச் சூடான 4, 5 பாகைதான் பீச்சுக்குக் கெட்ட இடம். அங்கே நாளாக வைத்தால் அழுகாவிட்டாலும் சதை மாவாகும். சின்னத் தோட்டக்காரர் பலர் அந்தச் சூட்டில்தான் வைக்கிறார்கள், பிறகு சுவையில்லை என்று மரத்தைத் திட்டுகிறார்கள்.

சரி, அண்ணைக்கு என்ன சொன்னேன்.

இந்த வருடம் பெட்டி வாங்கவேண்டாம் என்றேன். கணிப்பில் நம்பிக்கையில்லாமல் இல்லை. எட்டு ஏக்கரும் ஒரே சமதரை. அரை மைலில் ஒரு பெரிய தோட்டக்காரர் ஏற்கெனவே பெட்டி வைத்திருக்கிறார், கேட்டால் அளவு தருவார். மழை பெய்தால் அண்ணை தன் மரத்துக்குள் கையை விட்டுப் பார்க்கலாம். பூக்காலத்தில் மூன்று தடவை என்ற நாட்காட்டியை விட்டுவிட்டு, ஈர மணிநேரமும் பாகையும் சொல்லும் நாட்களில் மட்டும் அடிக்கலாம். காய்ந்த வருடத்தில் ஒன்றோடு முடியும். அந்தக் காசு முழுக்க வத்தலுக்குப் போகட்டும். அவருடைய தோட்டத்தில் போன ஓகஸ்டில் ரெட்ஹேவன் இனப் பீச் பறிக்கிற வாரத்தில் நாலு நாள் விடாத மழை. வாங்குகிறவர் இரண்டாம் நாளே பெட்டிகளைத் திருப்பி அனுப்பினார், ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்றிரண்டு பழத்தில் சாம்பல் வளையம். மிச்சம் மரத்திலேயே நின்றது. அந்த மிச்சம்தான் இப்போது தொங்குகிறது. இவ்வளவு வித்தியைக் கொப்பில் வைத்துக்கொண்டு கணிப்பைக் கேட்டு ஒரு தடவையைத் தவிர்ப்பது நெருப்புக்குப் பக்கத்தில் வைக்கோலைக் காயவைப்பது.

அறுவடைக்கு முந்திய மூன்று வாரத்தில் மட்டும் நான் இன்னும் நாட்காட்டிக்காரன்தான். அந்த நாட்களில் முன்னறிவிப்பைத் தடவையைத் தவிர்க்கப் பாவிக்காமல், நாளை முன்னால் இழுக்கப் பாவிக்கவேண்டும்: வியாழன் மழை என்றால் வெள்ளி அடிக்க இருந்ததைப் புதன் அடிப்பது. மழைமானியும் அப்போது உதவும். மேலே படிந்து நிற்கும் மருந்தை 25 மில்லிமீற்றர் மழை பாதியாக்கும், 50 கழுவிவிடும் என்பது தோட்டக்காரர் வைத்திருக்கிற தோராயக் கணக்கு. கப்டான் அடித்த மறுநாள் 60 மில்லிமீற்றர் கொட்டினால் "அடித்துத்தானே இருக்கிறேன்" என்று இருக்கமுடியாது.

ஐம்பது ஏக்கர், ஏரிக்கரையில் ஒரு பகுதி, மலைச்சரிவின் அடியில் இன்னொரு பகுதி, ஜூலையில் பழுக்கும் இனத்திலிருந்து செப்டம்பர் இனம்வரை என்று இருந்தால் நான் மாற்றிச் சொல்லியிருப்பேன். ஏரிக்கரையில் பனி காய்வதற்கும் சரிவின் அடியில் காய்வதற்கும் மணிக்கணக்கில் வித்தியாசம்; அங்கே ஒரு தடவையை ஒரு பகுதியில் மிச்சம்பிடித்தாலே பெட்டிக்காசு வந்துவிடும். இரசாயனம் தொடாமல் வளர்ப்பவருக்கும் வேறு பதில். அவர் கையில் கந்தகம், பொட்டாசியம் பைகாபனேற், பசிலஸ் வகை உயிர்மருந்துகள்தான். இவை ஈரத்துக்கு முன்னால் இலையில் இருந்தால்தான் உதவும், பின்னால் போய்ப் பிடிக்காது. ஆகவே அவருக்கு நாளைய மழையைச் சொல்லும் கணிப்பு மற்றவரைவிட இரட்டிப்பு முக்கியம், வத்தல் பொறுக்குவதோ கட்டாயம்.

அண்ணை கொஞ்சம் ஏமாந்துதான் போனார். மெசின் என்றால் ஒரு ஆசை. "அப்ப விஞ்ஞானமொண்டும் இல்லையோ?" என்றார். ஊரில் அப்பு திராட்சைப் பந்தலுக்கு நீலத்துருசும் சுண்ணாம்பும் கலந்து அடிக்க, மேற்கே மேகத்தைப் பார்த்து நாள் குறிப்பார். அதற்குமுன் பந்தலில் காய்ந்த இலையெல்லாம் உதறிக் கொழுத்திவிடுவார். அதை நினைவூட்டினேன். பதில் வரவில்லை, ஆனால் அடுத்த சனிக்கிழமை நாலு பேரோடு தோட்டத்தில் நின்றார். நானும் போனேன். முதல் வரிசையில் மட்டும் எண்ணினோம்: 212 வத்தல். அதற்குப் பிறகு எண்ணவில்லை, பிடுங்கினோம்.

ஜூன் கடைசியில் கொட்டை இறுகியதும் நூறு காய் பறித்து உறையவைப்பதென்று முடிவு. அண்ணி உறைபெட்டியில் ஒரு தட்டு ஒழித்துத் தரச் சம்மதித்திருக்கிறா. விளைமீன் பொதி வைக்கிற தட்டு மட்டும் இல்லையாம்.